வாய்க்காலில் நட்ட விளக்குக் கம்பம்

1954 செப்டம்பர் 8, புதன்

ஆவணி முடியப் போகிறது, வெயில் சித்திரை மாதிரி. காலை எட்டு மணிக்கு நிலம் பார்க்கப் போனோம். குடை எடுத்துப் போகாதது தப்பு.

பஞ்சாயத்து போர்டில் மெம்பராகி ஒன்றரை வருஷம். இதுவரை வந்ததெல்லாம் கிணறு தூர் எடுப்பது, தெருவிளக்கு எண்ணெய், மாடு அடைக்கும் பட்டி. இப்படி ஒரு மனு முதல் தடவை. பழவேற்காட்டு வியாபாரி காதர் சாகிப் ரயில் ஸ்டேஷனுக்கு மேற்கே ஐந்து ஏக்கர் வாங்கியிருக்கிறார். அதை நாற்பத்திரண்டு வீட்டு மனைகளாகப் பிரித்து விற்க அனுமதி வேண்டுமாம்.

முறை, ரங்கநாதன் சொன்னபடி (போர்டு கிளார்க், திருவள்ளூர்க்காரர், சட்டப் புத்தகத்தைத் தலைக்கு வைத்துத் தூங்குகிறவர் என்று பேச்சு):

மனு, மனை வரைபடத்தின் நீலப் பிரதி நாலு.
மெம்பர் ஒருவர் நேரில் பார்த்து ஆய்வுக்குறிப்பு.
தண்டோரா. ஆட்சேபணைக்குப் பத்து நாள்.
கூட்டத்தில் தீர்மானம். பிறகு மேலாபீஸ்.

ஆய்வுக்குறிப்பு என் தலையில். பிரசிடெண்ட் முனுசாமி ரெட்டி என்னிடம் மூன்றாம் வகுப்புப் படித்தவன், இப்போது நெல் மில் முதலாளி. "சார் எழுதுனா ஒரு எழுத்து தப்பு இருக்காது. நாங்க எழுதுனா மேலாபீஸ்ல சிரிப்பானுங்க" என்றான். சந்தோஷமாகத்தான் இருந்தது, ஏன் மறைக்க வேண்டும்.

நிலம்: மேற்கே ஏரிக்கரை. கிழக்கே ரயில் பாதையின் மண்மேடு. தென்கிழக்கு மூலையில் பள்ளத்தெரு, இருபத்து மூன்று குடிசை, எல்லோரும் வயல் கூலிகள். வடக்கு எல்லை நெடுக ஏரியிலிருந்து ரயில் பாதை வரை ஒரு வண்டிப்பாதை, சற்றுத் தாழ்ந்து. போன வருஷம் போர்டு அதில் ஒரு விளக்குக் கம்பம் நட்டது. அது முதல் 'விளக்கு ரோடு' என்றே பெயர். படத்தில் இதுதான் பிரதான ரோடு. இரண்டு அடி கிராவல் கொட்டி மேடாக்குவார்களாம்.

எழுதிக் கொடுத்தேன். 'வடக்கே இருபது அடி ரோடு உள்ளது. விளக்கு உள்ளது. ஆட்சேபணை இல்லை.' கையெழுத்து, தேதி.

காதர் சாகிப் இளநீர் வெட்டச் சொன்னார். மனுதாரரிடம் வாங்கிக் குடிக்கக் கூடாது என்று மறுத்தேன். பத்தரை மணிக்குக் குடித்து விட்டேன்.

செப்டம்பர் 10, வெள்ளி

காற்றே இல்லை. தண்டோரா போட்டாயிற்று. தெருமுனையில் கேட்டது: "ஸ்டேசனுக்கு மேக்கால நாப்பத்திரண்டு மனை போடப் போறாங்கோ... ஆட்சேபண கீறவங்க பத்து நாளிக்குள்ள போர்டு ஆபீஸாண்ட வந்து சொல்லணும்..." பெட்டிக்கடையில் ஒருவர்: "ஆட்சேபண இன்னா, டப்பு இருந்தா நானே ரெண்டு வாங்குவேன்."

மகள் சரோஜா கடிதம். மாப்பிள்ளைக்குப் பெரம்பூரில் ரயில்வே வேலை, வாடகை வீடு. 9-ஆம் மனை தங்களுக்கு என்று காதர் சாகிப்பிடம் சொல்லி வைத்து விட்டார்களாம். ரயிலடிக்குப் பக்கம், அப்பாவுக்கும் பக்கம் என்று எழுதியிருக்கிறாள். இவள் (என் மனைவி) கடிதத்தை மூன்று தரம் படிக்கச் சொன்னாள்.

மகளுக்கு மனை வரும் நிலத்துக்கு நான் ஆய்வுக்குறிப்பு எழுதலாமா? ரங்கநாதனைக் கேட்டேன். "குறிப்பு எழுதின பிறகுதானே சார் உங்களுக்குத் தெரிஞ்சது, அதுல சட்டச் சிக்கல் இல்லை" என்றார். சட்டத்தில் இல்லை, சரி.

ஆபீஸில் கன்னியப்பன். பள்ளத்தெருவின் மெம்பர். அவனும் என்னிடம் இரண்டாம் வகுப்பு வரை படித்தவன். மண் வேலைக்கு ஆள் சேர்த்துக் கொடுத்தால் 41, 42 இரண்டு மனையையும் பள்ளத்தெருவுக்கு விடுவதாகக் காதர் சாகிப் சொல்லியிருக்கிறாராம். "மேட்ல ஒரு எடம் கெடச்சா போதும் சார்" என்றான். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை.

செப்டம்பர் 11, சனி

எஸ்தர் கீரை கொண்டு வந்தாள். பள்ளத்தெருக்காரி, நாற்பது வயது இருக்கும், மனதில் பட்டதைச் சொல்லி விடுகிறவள். சிறுகீரை இரண்டு கட்டு. பேச்சு மனையைப் பற்றி வந்தது. விளக்கு ரோட்டை மேடாக்கப் போகிறார்கள் என்றேன்.

"ரோடா? இன்னா சார் நீங்களும்? அது ஏரி ரொம்பினா தண்ணி போற வாய்க்கா சார். மழ இல்லாம வண்டி ஓட்டிக்கினு கீறாங்க."

எப்போது தண்ணீர் போனது என்று கேட்டேன்.

"என் பெரியவ வயித்துல இருந்தா. ஒரு ஆளு தன் பயிரு முழுகக் கூடாதுன்னு வாய்க்கால்ல குறுக்க ஒரு வரப்பு போட்டாரு. தண்ணி அல்லாம் எங்கப் பக்கம் திரும்பிக்கிச்சு. அந்தாண்ட ரயிலு மேடு, போவ வழி இல்ல. ஊட்ல பான மெதக்குது, ஆடு மெதக்குது. ஆம்பளைங்க போயி வரப்ப வெட்டி வுட்டப்புறம்தான் எறங்குச்சு. நீங்க அப்போ ஊர்ல இல்லியே சார்."

இல்லை. ஆர்.கே.பேட்டையில் வேலை. பத்து வருஷத்துக்கு மேல் அங்கே. அதற்கு முன் இங்கே வேலை பார்த்தபோதும் பள்ளிக்கூடம், வீடு தவிர அந்தப் பக்கம் போனதில்லை. ரிட்டையராகி நான் திரும்பிய நாளிலிருந்து ஏரி ஒரு வருஷமும் நிரம்பவில்லை. நான் அதைப் பாதையாகவே பார்த்தேன், பாதையாகவே நடந்தேன்.

ஒரு வரப்புக்கே அப்படி என்றால் இரண்டு அடி கிராவலுக்கு?

கீரை ஆய்ந்து கொண்டே மனைவி: "யார் கிட்டயும் ஒண்ணும் சொல்லாதீங்க, முதல்ல நல்லா விசாரிங்க." விசாரிக்காமல் எழுதினதுதானே இப்போது தொல்லை.

செப்டம்பர் 12, ஞாயிறு

காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம் அந்தப் பாதையில் நடந்தேன். ரயில் பாதைக்கு அடியில் வண்டிகள் நுழைந்து போகும் இடம். எத்தனை தடவை போயிருப்பேன். இன்றுதான் நின்று பார்த்தேன். மூன்று கண் வைத்த கல் மதகு. மாட்டு வண்டி போவதற்கு எந்த இஞ்சினியர் மூன்று கண் கட்டுவான்? கல்லில் இடுப்பளவு உயரத்துக்குப் பழைய தண்ணீர்க் கறை.

கண்ணெதிரே எழுதியிருந்ததை வாசிக்கத் தெரியாமல் முப்பத்து மூன்று வருஷம் வாசிக்கக் கற்றுக் கொடுத்திருக்கிறேன்.

செப்டம்பர் 13, திங்கள்

மில்லுக்குப் போய் முனுசாமியைப் பார்த்தேன். உமித்தூசி. மிஷின் சத்தத்தில் கத்திப் பேச வேண்டியிருந்தது.

"அது வாய்க்காலாமே முனுசாமி?"

"ஆமா சார்."

"உனக்குத் தெரியுமா?"

"தெரியாம இன்னா, அதுல மீன் புடிச்சிருக்கேன்."

"பின்னே நான் ரோடுன்னு எழுதும்போது பக்கத்திலேதானே நின்னே?"

மிஷினை நிறுத்தச் சொன்னான். "சாருக்குத் தெரியாததான்னு இருந்தேன். நீங்க ஏதோ ரூல் பார்த்து எழுதுறீங்கன்னு நெனச்சேன். போர்டே வெளக்கு நட்டுச்சு, நீங்களே ரோடுன்னுட்டீங்க. இனிமே தண்ணி வந்தாதான் இன்னா, அது நம்ம பேச்ச கேட்டுக்கும்." சிரிப்பு. மில் ஆட்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வகுப்பில் ஒரு பையன் தப்பாய்க் கூட்டினால் ஒரு சிலேட்டில் தப்பு. வாத்தியார் கரும்பலகையில் தப்பாய்க் கூட்டினால் நாற்பது சிலேட்டிலும் தப்பு, அதில் பத்துப் பையன்களுக்குச் சரியான விடை தெரிந்திருந்தாலும். தெரிந்தவன் முதலில் அழித்து விட்டு என்னுடையதைப் பார்த்து எழுதுவான்.

"கூட்டத்துல பாத்துக்கலாம் சார், ஊட்டுக்குப் போங்க. வெயிலு."

செப்டம்பர் 14, செவ்வாய்

முதல் ரயிலில் பொன்னேரி, தாலுகா ஆபீஸ். கிராம வரைபடம் பார்க்க மனு. ஒரு பெஞ்சில் இரண்டு மணி நேரம். பக்கத்தில் ஒரு கிழவர் பட்டா மாற்ற வந்தவர், நாலாவது தடவையாம். எனக்கு வேர்க்கடலை கொடுத்தார்.

பதினொன்றரைக்குப் படம் வந்தது. துணியில் ஒட்டியது, மடிப்பில் கிழிசல். வடக்கு எல்லையில் இரட்டைக் கோடு, அதற்குள் 'ஓடை, சர்க்கார் புறம்போக்கு'. விரலால் தடவிப் பார்த்தேன், ஏன் என்று தெரியவில்லை.

சர்ட்டிபிகேட் போட்ட நகல் எப்போது? "மூணு வாரம் ஆகும், ஐயா. அவசரம்னா இருபது நாள்." குமாஸ்தா நகைச்சுவைக்காரர். பென்சிலால் நானே வரைந்து கொண்டு வந்தேன். மாலை ரங்கநாதனிடம் காட்டினேன். நன்றாகப் பார்த்தார், பென்சில் கோட்டை மெச்சினார். "நகல் இல்லாம இதை ரிக்கார்டில் சேர்க்க முடியாது சார். ரிக்கார்டில் இருக்கறது உங்க குறிப்புதான். அது ரோடுன்னு சொல்லுது."

கூட்டம் 20-ஆம் தேதி. ஆறு நாள்.

செப்டம்பர் 16, வியாழன்

அவமானம். சரியாக எழுதி வைக்கிறேன்.

கண்ணால் பார்த்தால் நம்புவார்கள் என்று ஒரு யோசனை. ஏரிப் பக்கத்தில் தண்ணீர் ஊற்றினால் மதகை நோக்கி ஓடும், வாட்டம் எந்தப் பக்கம் என்று காட்டலாம். ஐந்தாம் வகுப்புப் பூகோளத்தில் நதி எப்படி ஓடுகிறது என்பதை மணல் மேட்டில் செம்பால் ஊற்றித்தான் காட்டுவேன். ஒரு வருஷமும் தவறியதில்லை.

முனுசாமி, ரங்கநாதன், இன்னும் இரண்டு மெம்பர்கள், காதர் சாகிப், கன்னியப்பன் எல்லோரையும் வரச் சொன்னேன். எஸ்தரும் மூன்று பெண்களும் கிணற்றிலிருந்து குடம் குடமாய்க் கொண்டு வந்தார்கள். பன்னிரண்டு குடம்.

ஊற்றினார்கள். தண்ணீர் ஒரு முழம் போயிற்று. நின்றது. குமிழி விட்டது. தரை உறிஞ்சிக் கொண்டது. ஐந்து வருஷத்துப் புழுதி. அவ்வளவுதான்.

ஒருவன்: "பூமி குடிச்சிட்டு ஏப்பம் வுட்டுச்சு சார்!"

இன்னொருவன்: "வாய்க்கால்ல போர்டு வெளக்கு ஒண்ணு கீதே, மீனுக்கா அது?"

எஸ்தருக்குக் கோபம். "பன்னெண்டு கொடம். இன்னிக்கி எங்க ஊட்ல கஞ்சிக்கு எவன் தண்ணி தருவான்? நீயா?" அவன் பின்னால் நகர்ந்து கொண்டான்.

காதர் சாகிப் மட்டும் சிரிக்கவில்லை. நனைந்த இடத்தைச் செருப்பால் அழுத்திப் பார்த்துக் கொண்டிருந்தார். கன்னியப்பன் முதலிலேயே போய்விட்டான்.

மத்தியானம் படுக்கப் பார்த்தேன். முடியவில்லை. இருக்கிற பென்சிலை எல்லாம் சீவினேன்.

செப்டம்பர் 17, வெள்ளி

புரட்டாசி பிறந்தது. சிறு தூறல், மண் கூட நனையவில்லை.

தொழுகை முடிந்து காதர் சாகிப் என் வீட்டுக்கே வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து தொப்பியை மடியில் வைத்துக் கொண்டார். பழவேற்காட்டில் மூன்று தலைமுறையாய் வியாபாரம். அளந்து பேசுகிறவர்.

"வாத்தியாரய்யா, நான் நிலம் வாங்கினப்ப நாலு பேரைக் கேட்டேன். ரோடுன்னாங்க. உங்க போர்டு வெளக்குப் போட்டிருக்கு. நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க. இதுக்கு மேல ஒரு மனுசன் இன்னா விசாரிப்பான்?"

என் பென்சில் படத்தை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"நான் உங்க மேல கோவமா வரல. எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. தண்ணி வருமா?"

"வரும். எந்த வருஷம்னு தெரியாது. வந்தா பள்ளத்தெருவிலே நிக்கும். உங்க மனையிலேயும் பாதி."

"அப்போ நான் வித்தவங்க என் ஊட்டு வாசல்ல வந்து நிப்பாங்க." தொப்பியை மடியில் திருப்பி வைத்தார். "ஆனா ஐயா, இப்ப நானா படத்த மாத்தினா, வாங்க வந்தவன் ஏதோ வில்லங்கம்னு ஓடிருவான். போர்டு சொல்லி மாத்தினா அது வேற. போர்டு உங்க குறிப்ப வச்சிக்கினு கீது. பேஜாருதான்."

காப்பி குடித்தார். 9-ஆம் மனையைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. இரண்டு பேருக்கும் அது நினைவிருந்தது.

செப்டம்பர் 18, சனி

கன்னியப்பன். உள்ளே வா என்றேன், வாசற்படியிலேயே நின்றான்.

"எங்களுக்குத் தெரியாதா சார், வாய்க்கான்னு? அதுல முழுகினவங்க நாங்க. ரெண்டு மனை கெடைக்கும்னு வாய மூடிக்கினு இருந்தோம். ரெண்டு மனையில ஆறு குடிசை போடலாம். ஆறு ஊடு மேட்டுக்குப் பூடும். மத்தவங்கள அப்புறம் பாத்துக்கலாம்னு இருந்தோம். நீங்க கெடுத்துட்டீங்க."

"மீதிப் பதினேழு வீடும் முழுகுமே கன்னியப்பா."

"இப்ப மட்டும் இன்னா மெத்தையிலயா தூங்குறோம்?"

போய்விட்டான். அவன் கணக்கு தப்பில்லை. ஆறு கையில், பதினேழு தண்ணீரில். என் கணக்கில் கையில் பூஜ்யம், இருபத்து மூன்று வீட்டுக்கும் அபாயம் மட்டும் குறைவு. இதை எந்தப் பையனுக்கும் விளக்கிச் சொல்ல என்னால் முடியாது.

ஸ்டேஷன் வரை நடந்து திரும்பினேன். மறுபடி நடந்தேன். போர்ட்டர்: "யாரையாவது எதிர்பாக்குறீங்களா சார்?"

செப்டம்பர் 19, ஞாயிறு

வரைபட நகல் வராது. தண்ணீர் ஓடாது. அதை ரோடு என்று சொல்வது உலகத்தில் ஒரே ஒரு காகிதம்தான், அதில் இருப்பது என் கையெழுத்து. மற்றதையெல்லாம் தேடி அலைந்தேன், இதை விட்டு விட்டு.

கடிதம் எழுதினேன், நாலு வரி. நாலாவது பிரதியில்தான் அடித்தல் இல்லாமல் வந்தது.

செப்டம்பர் 20, திங்கள்

கூட்டம் மாலை நாலு மணி. புழுக்கம். போர்டு ஆபீஸில் ஒன்பது மெம்பர்களுக்கு எட்டு நாற்காலி. கதவோர முக்காலியில் கன்னியப்பன், வழக்கம் போல. யாரும் அவனை அங்கே உட்காரச் சொல்லவில்லை. நாற்காலி வாங்கத் தீர்மானம் போடவும் இல்லை, நான் உட்பட.

ஐந்தாவது பொருள் மனைப்பிரிவு. ரங்கநாதன் என் குறிப்பைப் படிக்கத் தொடங்கும் முன் எழுந்து கடிதத்தைக் கொடுத்தேன். அவர் அதை உரக்கப் படித்தார். '8-ஆம் தேதி நான் கொடுத்த ஆய்வுக்குறிப்பு பிழையானது. வடக்கே இருப்பது ரோடு அல்ல, ஏரியின் உபரி நீர் வாய்க்கால். விசாரிக்காமல் எழுதினேன். அதை வாபஸ் பெறுகிறேன்.'

ரங்கநாதன் அதை மனுவோடு சேர்த்துக் குத்தினார்.

முனுசாமிதான் முதலில்: "சார், மூணாங் கிளாஸ்ல தப்ப ஒத்துக்கினா ஒரு அடி கொறச்சி அடிப்பீங்க. இப்ப உங்கள இன்னா பண்றது?"

சிரிப்பு. நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

மெம்பர் ஒருவர்: "அடப் போங்க நைனா, எடுத்த எடுப்புல எல்லாரும் வாய்க்கா, ரோடுன்னு... ஓட்டு எடுங்க, முடிங்க."

ரங்கநாதன் புத்தகத்தைத் திறந்தார். பக்கம் தேட வேண்டியிருக்கவில்லை. "ஆய்வுக்குறிப்பு இல்லாம தீர்மானம் எடுக்க முடியாது. மனுவைத் திருத்தத்துக்குத் திருப்பலாம்." முதல் தடவையாக அந்தப் புத்தகத்தின் மேல் எனக்கு அன்பு வந்தது.

தீர்மானம்: வாய்க்காலை விட்டுவிட்டுப் படத்தைத் திருத்திக் கொண்டு வரும்படி மனுதாரரைக் கேட்பது. விளக்குக் கம்பத்தைக் கரைக்கு மாற்றுவது. 29-ஆம் தேதி மறுபடி கூட்டம். புதிய குறிப்பு எழுதுவது யார்? எல்லோரும் என்னையே பார்த்தார்கள். தப்பு செய்தவனே திருத்தி எழுதட்டும் என்று.

கன்னியப்பன் என்னைப் பார்க்காமல் வெளியே போனான்.

செப்டம்பர் 22, புதன்

சரோஜாவின் கடிதம், இரண்டே வரி. கூட்டத்தில் நடந்தது எப்படியோ பெரம்பூர் வரை போய்விட்டது. 'ஊரார் முன்னால் நீங்களே உங்களைக் குறைத்துச் சொல்ல வேண்டுமா அப்பா?' மனையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதுதான் கனமாக இருந்தது.

உளுந்து, தனியா வாங்கப் போனேன். தனியா மறந்து உளுந்து இரண்டு தரம் வாங்கியிருக்கிறேன்.

செப்டம்பர் 25, சனி

திருத்திய படம் வந்தது. காதர் சாகிப் போர்டு சொன்னபடியே செய்திருக்கிறார். வடக்கே வாய்க்கால் இருபத்து நாலு அடி, மதகு வரை நேராக, இரு பக்கமும் கரை. ரோடு நிலத்துக்குள்ளேயே. மனைகள் நாற்பத்திரண்டு இல்லை, முப்பத்தாறு. நஷ்டம் அவருக்குத்தான். மனதுக்குள் கும்பிட்டேன்.

பிறகுதான் எண்களைப் பார்த்தேன். ஆறு மனை போக வேண்டும் என்றால் எந்த ஆறு? கடைசி ஆறு. 37 முதல் 42. பள்ளத்தெருவுக்குச் சொன்ன இரண்டும் அதில். 9 அப்படியே இருக்கிறது. நல்ல மேட்டில், முன்னைவிடப் பெரியதாக.

செப்டம்பர் 26, ஞாயிறு

காதர் சாகிப் ஸ்டேஷனில் அகப்பட்டார். கேட்டேன்.

"ரெண்டுன்னு சொன்னது நாப்பத்திரண்டுல, ஐயா. முப்பத்தாறுல எங்க போவேன்?" பிறகு குரலைத் தாழ்த்தி: "இன்னொண்ணும் கீது. முன்பணம் குடுத்தவங்க நாலு பேரு சொல்லிட்டாங்க, பள்ளத்தெரு ஆளுங்க பக்கத்துல வந்தா எங்களுக்கு வேணாம்னு. எனக்கு ஒண்ணுமில்ல. நான் விக்கணுமே."

நாலு பேர் யார் என்று கேட்டேன். சொன்னார். அதில் ஒரு பெயர் என் மாப்பிள்ளை.

செப்டம்பர் 27, திங்கள்

நிலத்தை இரண்டாம் தடவை பார்த்தேன். கூட ரங்கநாதனும் நிலம் அளக்கும் சங்கிலிக்காரனும். வாய்க்கால் அளந்தோம், சரி. மதகு, சரி. கரை அடையாளக் கல், சரி. வானம் கறுத்து வந்து கலைந்தது.

இவளிடம் மாப்பிள்ளை விஷயத்தைச் சொன்னேன். வெகு நேரம் அரிசி புடைத்துக் கொண்டிருந்தாள். "சரோஜாவுக்குத் தெரிஞ்சிருக்காது" என்றாள். பிறகு, "தெரிஞ்சிருந்தாலும் நம்ம பொண்ணுதானே." பிறகு முறத்தைக் கீழே வைத்து விட்டு, "நீங்க என்ன எழுதப் போறீங்க?"

செப்டம்பர் 28, செவ்வாய்

குறிப்பு எழுதி ரங்கநாதனிடம் கொடுத்தேன். முதல் ஐந்து வரி அளவுகள். பிறகு இரண்டு வரி:

'பள்ளத்தெருவுக்கு இரண்டு மனை தருவதாக மனுதாரர் வாய்மொழியாகச் சொன்னது திருத்திய படத்தில் காணவில்லை.
9-ஆம் மனை இந்தக் குறிப்பை எழுதுகிறவனின் மகளுக்காகச் சொல்லி வைக்கப்பட்டிருந்தது. அது இனி வேண்டியதில்லை.'

ரங்கநாதன் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். "ஆய்வுக்குறிப்பில் இதெல்லாம் வராது சார்."

"ஆய்வுல நான் கண்டது இதுதான்."

"கூட்டத்துல நான் உரக்கப் படிக்கணுமே."

"படியுங்க."

இதைச் சரோஜாவுக்குத் தபாலில் எழுதவில்லை. ஒரு கடிதத்தில் அடங்காது. நேரில் போக வேண்டும்.

செப்டம்பர் 29, புதன்

நாலு மணிக் கூட்டம். மூன்றுக்கே போய் விட்டேன், அறையைப் பெருக்குகிறவள் என்னைச் சுற்றிப் பெருக்கினாள். எழுந்து என் நாற்காலியைக் கதவோரம் கொண்டுபோய்ப் போட்டு, அங்கிருந்த முக்காலியை என் இடத்துக்குக் கொண்டு வந்தேன். கன்னியப்பன் வந்து முக்காலியைத் தேடினான், நான் அதில் உட்கார்ந்திருந்தேன். ஒரு நிமிஷம் யோசித்து நாற்காலியில் உட்கார்ந்தான். முதுகு சாயவில்லை.

ரங்கநாதன் குறிப்பைப் படித்தார். அளவுகளை வேகமாக, அந்த இரண்டு வரியையும் மெதுவாக.

முனுசாமி: "இன்னா சார் இது? ஊட்டு விசயத்த எல்லாம் எழுதிக்கினு."

மனுதாரருக்கான பெஞ்சில் காதர் சாகிப். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். தொப்பியைக் கழற்றினார், போட்டுக் கொண்டார். "இப்பிடி மாட்டி வுட்டுட்டீங்களே ஐயா. வாத்தியாரு ஒண்ண வுட்டா நான் ஒண்ண வுடாம எந்த மூஞ்சிய வச்சிக்கினு வெளிய போவேன்? எழுதிக்கோங்க கிளார்க்கு சார். ஒம்பதும் பத்தும் பள்ளத்தெருவுக்கு. வேணாம்ன்றவன் வேற எடம் பாக்கட்டும்."

ஒரு மெம்பர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். முனுசாமி: "முப்பத்தாறு மனையும் விக்கலன்னா என் மில்லுக்கு வந்து அழுவாரு, நான் பாத்துக்கறேன். கை தூக்குங்க." ஏழு கை. இரண்டு பேர் தூக்கவில்லை. நிபந்தனையில் எழுதியாயிற்று. படத்தில் 9, 10 மேல் சிவப்பு மை. மேலாபீஸுக்கு நாளை போகிறது.

வெளியே வந்தபோது பெரிய பெரிய துளியாய் விழ ஆரம்பித்திருந்தது. ஆபீஸ் வாசலில் பள்ளத்தெரு ஆட்கள் பத்துப் பேர் இருக்கும், எஸ்தரும். சேதி அதற்குள் போயிருந்தது. எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். ரெண்டு மனை, ஆறு குடிசை. இருபத்து மூணுல எந்த ஆறு?

என்னைப் பார்த்துத் திரும்பினார்கள். நான், பள்ளத்தில் கடைசியாக இருக்கிற வீடுகள் முதலில், எஸ்தருடையது ஒன்று, என்று விரல் விட்டு எண்ணத் தொடங்கினேன்.

"சார்" என்றான் கன்னியப்பன். கோபமாக இல்லை. "அத்த நாங்க பேசிக்கறோம். நீங்க நனையுறீங்க, ஊட்டுக்குப் போங்க."

விரலை மடக்கிக் கொண்டு நடந்தேன். தெருமுனை வரை அவர்கள் சண்டை கேட்டது. எஸ்தர் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே.